கணக்கு வாத்தியாரும் வர்க்கப் போராட்டமும்

மாணிக்கம்மாள் பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி ஆனதற்கு அவளுடைய ஆடுதான் காரணம். ஜவ்வாது மலையில் கடுக்காமரத்தூர் நடுநிலைப் பள்ளியில் பெற்றோர் கூட்டம் நடந்த அன்று, அந்த ஆடு பள்ளித் தோட்டத்துக் கீரையில் வாய் வைத்துவிட்டது. ஓட்டிக்கொண்டு போக வந்தவளை, வந்ததுதான் வந்தாய், ஒரு நிமிஷம் உட்காரம்மா என்று தலைமையாசிரியை ஈஸ்வரி டீச்சர் பிடித்து உட்கார வைத்தார். குழுவுக்குத் தலைவியாக ஒரு பெண் வேண்டும், அவளுடைய பிள்ளை அந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்பது விதி. ஊரில் மற்றப் பெண்கள் எல்லாம் சாமை அறுப்புக்குப் போயிருந்தார்கள். மாணிக்கம்மாள் எழுந்திருக்கும்போது தலைவியாக எழுந்தாள். ஆடு அதற்குள் கீரையை முடித்திருந்தது.

தலைவி வேலை ஒன்றும் கஷ்டமாக இல்லை. மாதம் ஒரு முறை நாற்காலியில் உட்கார வேண்டும். டீச்சர் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் கையெழுத்துப் போட வேண்டும். அவள் ஐந்தாவது வரை படித்தவள், கையெழுத்து நன்றாகவே வரும்.

ஆனால் அந்தப் பள்ளியில் கணக்கு வாத்தியார் இல்லை. இருந்தவர் மாறுதல் வாங்கிக்கொண்டு போளூருக்கு இறங்கிப் போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. மலைக்கு வருகிற வாத்தியார்கள் ஏறும்போதே இறங்குகிற பஸ்ஸுக்கு நேரம் கேட்டுக்கொண்டுதான் ஏறுவார்கள். ஈஸ்வரி டீச்சர் தமிழ் படித்தவர். எல்லாப் பாடத்தையும் அவரே எடுத்தார். கணக்குக்கு மட்டும் பிள்ளைகளை வாய்ப்பாடு சொல்ல வைப்பார். பதினாறாம் வாய்ப்பாட்டோடு அவருடைய கணக்கும் முடிந்துவிடும்.

மாணிக்கம்மாளின் மகள் ரம்யா எட்டாவது படித்தாள். எட்டாவதுப் பிள்ளைகளுக்கு ஜனவரியில் ஓர் உதவித்தொகைத் தேர்வு உண்டு. தேறினால் மேலே நாலு வருஷம் படிக்கச் சர்க்கார் கைகொடுக்கும். ரம்யாவின் அப்பா அசோக்குமார் சாமை அறுப்பு முடிந்ததும் குடகுக்குக் காபிப் பழம் பறிக்கப் போய்விடுவான். அவன் கெட்டவன் இல்லை. மகளிடம் நேராகவே சொல்லியிருந்தான்: தேறினால் போளூர் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கலாம், தேறாவிட்டால் என்னோடு காபித் தோட்டத்துக்கு வந்துவிட வேண்டும். அந்தத் தேர்வில் பாதி கணக்கு. ரம்யா மற்றதெல்லாம் போடுவாள். சதவீதம் என்ற சொல்லைப் பார்த்தால் மட்டும் புத்தகத்தை மூடிவிடுவாள்.

இந்த நிலையில்தான் அக்டோபர் மாதக் கடைசியில் முனைவர் சக்கரவர்த்தி காரில் மலையேறி வந்தார். அவர் கீழே சமவெளியில் ஒரு கல்லூரியில் சமூகவியல் துறைத் தலைவர். 'சமூகத்தில் கல்வியின் பங்கு: மார்க்சியப் பார்வைகள்' என்று இரண்டு நாள் தேசியக் கருத்தரங்கு நடத்தப் போவதாகவும், அதற்குத் தில்லியிலிருந்து பெரிய பேராசிரியர் ஒருவர் வருவதாகவும், அதைக் கடுக்காமரத்தூர்ப் பள்ளியிலேயே நடத்த விரும்புவதாகவும் சொன்னார். கல்லூரிக்கு மதிப்பீட்டுக் குழு வரப்போகிறது, கருத்தரங்குக்குச் சில புள்ளிகள் உண்டு, மக்களிடம் போய் நடத்தினால் இன்னும் கூட உண்டு என்பதை அவர் ஒளிக்கவில்லை. அதைச் சொல்லிவிட்டு மாணிக்கம்மாளைப் பார்த்துக் கைகூப்பினார்.

"ஏசி ஹால்ல உட்காந்துக்கிட்டு அடித்தட்டு மக்களைப் பத்திப் பேச எனக்குக் கூச்சமா இருக்கும்மா. அதான் உங்க இடத்துக்கே வந்து உங்களைப் பத்திப் பேசப்போறோம்."

மார்க்சியம் என்றதும் மாணிக்கம்மாளுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அது மார்க்கு போடுவது சம்பந்தப்பட்டது என்று அவள் எடுத்துக்கொண்டாள். கல்வி, மார்க்கு, தில்லியிலிருந்து பெரிய பேராசிரியர். கணக்கு வாத்தியாரைக் கேட்க இதைவிட நல்ல இடம் அமையாது. கேட்கலாமா என்று அவரிடமே கேட்டாள்.

"கண்டிப்பா கேக்கணும். பேசாத மக்களைப் பேச வைக்கிறதுதான் எங்க வேலையே. எப்பப் பேசணும்னு நாங்க சொல்றோம்" என்றார் சக்கரவர்த்தி.

ஏற்பாடுகள் தொடங்கின. கருத்தரங்குக்கு முந்தின வாரம் முழுவதும் பள்ளியில் பாடம் நடக்கவில்லை. பிள்ளைகள் பெஞ்சுகளைத் தூக்கி வெளியே போட்டார்கள், மைதானத்துக் கல்லைப் பொறுக்கினார்கள், வேலிக்குச் சுண்ணாம்பு அடித்தார்கள். பிறகு கல்லூரியிலிருந்து வந்த ஓர் ஒருங்கிணைப்பாளர் அவர்களை உயர வாரியாக நிறுத்திப் பயிற்சி கொடுத்தார். விருந்தினர் வரும்போது நீளமாகக் கைதட்ட வேண்டும். மேற்கோள் சொன்னால் சின்னதாகத் தட்ட வேண்டும். 'புரட்சி' என்ற சொல் காதில் விழுந்தால் எழுந்து நின்று தட்ட வேண்டும். நடுவில் யாரும் எதுவும் கேட்கக் கூடாது. பிள்ளைகள் மூன்றே நாளில் இதைக் கற்றுக்கொண்டார்கள். ஒரு வருஷமாக அந்தப் பள்ளியில் இவ்வளவு முறையாக எதுவும் சொல்லித்தரப்படவில்லை என்று ஈஸ்வரி டீச்சரே ஒப்புக்கொண்டார்.

முதல் நாள் காலை மேடையில் கார்ல் மார்க்ஸின் படத்தை ஆளுயரத்துக்கு வைத்தார்கள். சத்துணவு சமைக்கும் குப்பம்மா அந்தத் தாடியைப் பார்த்துவிட்டு, பர்வதமலைச் சித்தர் யாரோ என்று, நெற்றியில் விபூதி பூசிக் குங்குமமும் வைத்துவிட்டாள். இதைப் பார்த்த பேராசிரியர்களுக்குள் வாக்குவாதம் வந்தது. அழித்தால் மக்கள் பண்பாட்டை அவமதித்ததாகும், விட்டால் பொருள்முதல்வாதத்தை அவமதித்ததாகும். கடைசியில், குழுப் படம் எடுக்கும் வரை இருக்கட்டும், பிறகு அழித்துவிடலாம் என்று முடிவாயிற்று. அறிக்கையில் 'மக்கள் பங்கேற்பு' என்ற பக்கத்துக்கு அந்தப் படம் பொருத்தமாக இருக்கும்.

வந்தவர்களுக்கெல்லாம் கழுத்தில் அட்டை மாட்டினார்கள். சிவப்பு அட்டை சிறப்பு விருந்தினர், அவர்களுக்கு மெத்தை வைத்த நாற்காலி. நீலம் கட்டுரையாளர், பிளாஸ்டிக் நாற்காலி. பச்சை அட்டைக்கு ஜமக்காளம். மாணிக்கம்மாளுக்குப் பச்சை கிடைத்தது. அதில் 'களம்' என்று அச்சடித்திருந்தது. சாமை அடிக்கிற களத்துக்கும் கருத்தரங்குக்கும் என்ன சம்பந்தம் என்று அவளுக்குப் பிடிபடவில்லை. தலைவி என்ற முறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரப் போனாள். ஒருங்கிணைப்பாளர் அட்டையைப் பார்த்துவிட்டு, மரியாதையாக ஜமக்காளத்தைக் காட்டினார். முதல் கட்டுரையின் தலைப்பு 'கல்வி வெளிகளில் இருக்கைப் படிநிலை' என்று அறிவித்தார்கள்.

தில்லிப் பேராசிரியர் ஆங்கிலத்தில் பேசினார். வயசானவர், குரல் நடுங்கினாலும் சொல்வதை நம்பித்தான் சொன்னார். சக்கரவர்த்தி தமிழாக்கினார். பள்ளிக்கூடம் என்பது ஆலைக்கு ஆள் தயாரிக்கும் இடம். மணியடித்தால் வா, சொன்ன இடத்தில் நில், கேட்டதற்கு மட்டும் பதில் சொல் என்று ஏழைப் பிள்ளையைப் பழக்குவதுதான் அதன் மறைவான பாடத்திட்டம். புத்தகத்தில் இருக்கிற பாடம் வெறும் சாக்கு. முதலாளியின் பிள்ளை முதலாளி ஆவதற்கும், கூலியின் பிள்ளை கூலி ஆவதற்கும், அது அவரவர் மூளை செய்த வேலை என்று இரண்டு பேரும் நம்புவதற்கும் ஏற்பட்டதுதான் கல்வி.

இதற்கு ஒன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் தும்மினான். மூன்று ஒருங்கிணைப்பாளர்கள் உதட்டில் விரல் வைத்தார்கள். பேராசிரியர் இந்த அமைப்பை எப்படி உடைப்பது என்பதற்கு வந்தபோது நேரம் முடிந்துவிட்டது என்று மணி அடித்தார்கள். அவர் பாதி வாக்கியத்தில் வாயை மூடிக்கொண்டு இறங்கினார். அடுத்து பேசியவர் புரட்சி என்ற சொல்லை அடிக்கடி பயன்படுத்துகிற பழக்கம் உள்ளவர். பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்து, எழுந்து உட்கார்ந்து, பதினோரு மணிக்கெல்லாம் முழங்காலைப் பிடித்துக்கொண்டார்கள்.

சாப்பாட்டுக்கும் அட்டைப்படியே மூன்று வரிசை. சிவப்புக்கு எட்டாம் வகுப்பறையில் மின்விசிறிக்குக் கீழே தலைவாழை இலை. நீலத்துக்குத் தட்டு. பச்சைக்கு மற்றவர்கள் முடித்த பிறகு பாக்குமட்டை. பச்சை வரிசையில் மாணிக்கம்மாளுக்கு முன்னால், நல்ல காட்டன் புடவை கட்டிய ஓர் இளம் பெண் நின்றாள். காலையிலிருந்து மைக்கைத் தூக்கிக்கொண்டு யார் கையைத் தூக்கினாலும் அங்கே ஓடிக்கொண்டிருந்தவள். அவளுடைய அட்டை வெள்ளை, 'பணி' என்று போட்டிருந்தது. படித்த பெண் மாதிரி இருக்கிறதே, இங்கே ஏன் நிற்கிறாள் என்று மாணிக்கம்மாள் பேச்சுக் கொடுத்தாள். பெயர் ரேணுகாதேவி, படவேட்டுக்காரி, அந்தக் கல்லூரியில்தான் கௌரவ விரிவுரையாளர் என்றாள். கௌரவ விரிவுரையாளருக்கு நிரந்தரமாகக் கொடுப்பது கௌரவம் மட்டும்தான். விழா, விருந்து, மைக், கோலம் எதுவானாலும் முதலில் அவர்களைத்தான் கூப்பிடுவார்கள்.

"நீங்க இன்னா பாடம் எடுக்கறீங்கம்மா?"

"கணக்கு."

மாணிக்கம்மாளின் கையிலிருந்த பாக்குமட்டை அப்படியே நின்றது. குப்பம்மா இரண்டு தரம் கேட்ட பிறகுதான் சாம்பாருக்கு நீட்டினாள்.

சாப்பாட்டுக்குப் பிறகு, பாதிப் பேர் தூங்கி வழிகிற நேரத்தில், 'மக்கள் குரல்' என்ற அமர்வு வைத்திருந்தார்கள். சக்கரவர்த்தி மாணிக்கம்மாளை மேடைக்கு அழைத்து, எங்கள் கனவெல்லாம் கிளாஸ் இல்லாத சமுதாயம், உங்கள் கனவு என்ன, மனம் திறந்து இரண்டு நிமிஷத்துக்குள் சொல்லுங்கள் என்றார்.

அவள் புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"கிளாஸ் இல்லாத சமுதாயம் எங்க ஊருக்கு வந்து ஒரு வருசத்துக்கு மேல ஆகுதுங்க. கணக்குக்கு கிளாஸே கெடையாது. அதான் ஒரு வாத்தியாரு வோணும்னு கேட்டுக்கறேன்."

அந்தப் பெண்மணி என்ன சொன்னார் என்று தில்லிப் பேராசிரியர் கேட்டார். சக்கரவர்த்தி யோசித்து, இந்த மலைமக்களிடம் வர்க்கமற்ற சமுதாயம் ஏற்கெனவே இருக்கிறதாம், லாப நஷ்டக் கணக்கே அவர்களுக்குக் கிடையாதாம் என்று ஆங்கிலத்தில் சொன்னார். கிழவருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்து நின்று கைதட்டினார். எல்லாரும் எழுந்தார்கள். யாரோ புரட்சி என்று சொல்ல, பிள்ளைகளும் எழுந்தார்கள்.

கைதட்டல் அடங்கியதும், அந்தம்மா கடைசியில் ஏதோ வாத்தியார் கேட்டாரே என்று பின்வரிசையில் ஒருவர் நினைவூட்டினார். விவாதம் அங்கே பிடித்துக்கொண்டது. வாத்தியார் வேண்டும் என்று அடித்தட்டு மக்களே கேட்பது, கைதி தனக்கு விலங்கு பத்தவில்லை என்று கேட்பதைப் போன்றது என்றார் ஒருவர். புரட்சி வரும் வரைக்கும் இடைக்கால ஏற்பாடாக ஒரு வாத்தியாரை அனுமதிக்கலாம் என்றார் இன்னொருவர். அது சீர்திருத்தவாதம் என்று மூன்றாமவர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். கணக்கே எதற்கு, சதவீதம் என்பது வட்டிக்காரனின் மொழி அல்லவா, வேண்டுமானால் வரலாறு கேட்கட்டும் என்றது ஒரு தரப்பு.

மாணிக்கம்மாள், பரீட்சைக்குங்க, எம்பொண்ணு எழுதப்போகுது என்று குறுக்கே சொன்னாள். உடனே ஒல்லியாக இருந்த ஒரு பேராசிரியர் அவள் பக்கம் திரும்பி, பரீட்சையைப் பற்றிப் பொறுமையாக விளக்கினார். பரீட்சை ஒருத்தரைத் தூக்கிவிட்டு, ஒன்பது பேரிடம் உன் தலையெழுத்துக்கு உன் மண்டைதான் காரணம் என்று சொல்லி அனுப்புகிறது, அதற்குத்தான் பரீட்சை என்றார். அவர் சொன்னது அவளுக்குச் சரியென்றே பட்டது. சரியாக இருந்தாலும் பரீட்சை ஜனவரியில் இருந்தது.

அவளுடைய கோரிக்கையை மறுநாள் தீர்மான அமர்வுக்கு ஒத்திவைத்தார்கள்.

மறுநாள் காலை மாணிக்கம்மாள் மகளைக் கையோடு கூட்டிக்கொண்டு முன்னதாகவே வந்தாள். ரேணுகாதேவி மைக் ஒயரைச் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள். பொண்ணுக்குக் கொஞ்சம் சதவீதம் சொல்லித் தர முடியுமா, ரொம்ப நேரம் வேண்டாம், பிடி கிடைக்கிற அளவுக்குப் போதும் என்று கேட்டாள். ரேணுகாதேவி ரம்யாவைப் பார்த்தாள், கையிலிருந்த மைக்கைப் பார்த்தாள்.

"எனக்கு ஆசைதாங்க்கா. மைக்கை யார்னா பிடிக்கணுமே."

"நான் பிடிக்கிறேன்" என்றாள் மாணிக்கம்மாள்.

வெள்ளை அட்டையை இவள் மாட்டிக்கொண்டாள், பச்சை அட்டையை அவள் மாட்டிக்கொண்டாள். யாரும் கவனிக்கவில்லை. பேராசிரியர்கள் மைக்கைத்தான் பார்ப்பார்கள், மைக் பிடிக்கிற கையைப் பார்ப்பதில்லை.

தீர்மான அமர்வில் கடுக்காமரத்தூர் மக்களுக்கு உண்மையில் என்ன வேண்டும் என்பது பற்றிக் காரசாரமாகப் பேசினார்கள். பேசுகிறவர் வாய்க்கு வாய் மாணிக்கம்மாள் மைக்கைக் கொண்டுபோய்ப் பிடித்தாள். மக்கள் தங்கள் தேவையைத் தாங்களே அறியமாட்டார்கள் என்றது முதல் வரிசை. அறிவார்கள், ஆனால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது என்றது மூன்றாம் வரிசை. அவள் முதல் வரிசைக்கும் மூன்றாம் வரிசைக்கும் நடந்து நடந்து, வயலில் ஏர் ஓட்டியவள் போல வேர்த்துப் போனாள். 'கணக்கு ஆசிரியர்' என்ற சொல்லில் ஆதிக்கத் தொனி இருக்கிறது என்று 'ஆசிரிய'ரை எடுத்தார்கள். 'கணக்கு' சந்தைத்தனமாக இருக்கிறது என்று அதையும் எடுத்தார்கள். மிச்சம் இருந்த இடத்தில் 'விமர்சனபூர்வக் கற்றல் வெளி' என்று போட்டு, ஒருமனதாக நிறைவேற்றினார்கள்.

அப்போது தில்லிப் பேராசிரியர், நேற்றுப் பேசிய அந்தப் பெண்மணி எங்கே, இதில் அவருடைய குரல் வேண்டாமா என்று கேட்டார். எல்லாரும் ஜமக்காளத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். பச்சை அட்டைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தன, அவளைக் காணோம். ஒருங்கிணைப்பாளர்கள் வெளியே ஓடினார்கள். குப்பம்மாவிடம் விசாரித்தார்கள். மக்களுக்கு அக்கறை போதவில்லை என்று ஒருவர் வருத்தப்பட்டார்.

மாணிக்கம்மாள் கிழவரின் வாய்க்கு நேராக மைக்கைப் பிடித்தபடி நின்றிருந்தாள். அதைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நான் இங்கதாங்க கீறேன்."

சக்கரவர்த்தி அவள் கழுத்து அட்டையைப் பார்த்தார். முகம் சுருங்கியது. ரேணுகாதேவி எங்கே என்று மட்டும் கேட்டார். மாணிக்கம்மாள் ஒளிக்கத் தெரியாதவள்.

"அந்தாண்ட சமையல்கட்டு பின்னால கணக்கு சொல்லிக் குடுக்கறாங்க."

கருத்தரங்கு மொத்தமாக எழுந்து அங்கே போயிற்று. சமையலறைக்குப் பின்னால் மண் தரையில் ரேணுகாதேவி உட்கார்ந்திருந்தாள். ரம்யா மட்டும் இல்லை, எப்படியோ மோப்பம் பிடித்து ஆறாவது, ஏழாவதுப் பிள்ளைகளும் வந்து சூழ்ந்திருந்தார்கள். வரிசையும் இல்லை, உயரமும் பார்க்கவில்லை. நடுவில் புளியங்கொட்டைக் குவியல். நூறு கொட்டையை எண்ணி வைத்து, முப்பதைத் தள்ளினால் மிச்சம் என்ன, இருநூறு வைத்தால் முப்பது சதவீதத்துக்கு எத்தனை தள்ள வேண்டும் என்று பிள்ளைகள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். ரம்யா ஒரு பையனின் கையைத் தட்டிவிட்டு, முப்பது இல்லடா, அறுபது தள்ளு என்றாள். புத்தகத்தை மூடிவிடுகிற முகம் அதில்லை.

விடுதலைக் கல்வி என்று நான் எழுதிய மூன்று நூல்களும் இதோ என் கண் முன்னால் உட்கார்ந்திருக்கின்றன என்றார் தில்லிப் பேராசிரியர். எல்லாரும் படம் எடுத்தார்கள். சக்கரவர்த்தி ஒரு கொட்டையைக் கையில் எடுத்துக் குனிந்து சிரித்தபடி நிற்கும் படமும் எடுக்கப்பட்டது. படம் எடுத்து முடித்ததும் சிரிப்பை நிறுத்தி, ரேணுகாதேவியிடம் திங்கட்கிழமை என்னை வந்து பாருங்கள் என்றார்.

அடுத்த வாரம் கல்லூரியில் விசாரணைக் குழு கூடியது. தேசியக் கருத்தரங்கின் தீர்மான அமர்வில் மைக்கைக் கைவிட்டது, அடையாள அட்டையை மாற்றிக்கொண்டது என்று இரண்டு குற்றச்சாட்டுகள். சாட்சிக்கு மாணிக்கம்மாளைக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் முதல் பஸ்ஸில் இறங்கி, பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தாள். குழுவில் இருந்த மூன்று பேரும் மலைக்கு வந்தவர்கள்தான். தரையில் உட்கார வைத்துவிடுவார்களோ என்று நினைத்தாள், நாற்காலி கொடுத்தார்கள். இந்த அம்மையார் போகச் சொன்னாரா, நீங்களாகப் போனீர்களா என்று ரேணுகாதேவியைக் கேட்டார்கள். அவள் வாயைத் திறப்பதற்குள், நான்தாங்க கேட்டேன், தப்புன்னா என்னைச் சொல்லுங்க என்றாள் மாணிக்கம்மாள். கேட்கும்போது பேசினால் போதும் என்றார்கள்.

சக்கரவர்த்தி கோபப்படவில்லை. வருத்தத்தோடுதான் பேசினார்.

"நிறுவனம்னா ஒரு ஒழுங்கு வேணும்மா. மணி அடிச்சா வரணும். சொன்ன இடத்துல நிக்கணும். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லணும். அதைக் கத்துக்கிட்டவங்கதான் இங்க நிலைச்சு நிக்க முடியும். பாடம் நடத்தறதெல்லாம் அப்புறம். ஆள் கெடைக்கும், பாடம் யார் வேணா எடுப்பாங்க."

இதே பேச்சுக்கு அன்று பிள்ளைகள் எல்லாரும் தட்டியது ஞாபகம் வந்து, மாணிக்கம்மாள் மரியாதைக்கு இரண்டு தட்டுத் தட்டினாள். அறையில் வேறு யாரும் தட்டாததால் நிறுத்திக்கொண்டாள்.

ரேணுகாதேவியை வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். போளூர் பஸ் நிலையத்தில் இரண்டு பேரும் டீ வாங்கிக்கொண்டு நின்றார்கள். மாணிக்கம்மாள் தன் டீயை அப்படியே பெஞ்சில் வைத்துவிட்டாள். ஒரு பொண்ணுடைய சோத்தில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று உள்ளுக்குள் அரித்தது.

"என்னாலதான் உங்க வேலை பூட்ச்சு."

ரேணுகாதேவி டீயைக் குடித்து முடித்தாள். அழுத கண்ணாகத்தான் இருந்தது.

"அக்கா, நான் கிளாஸ்ல கணக்கு எடுத்தே நாலு மாசம் ஆச்சு. அன்னிக்கு அந்தப் பசங்க கொட்டைக்கு அடிச்சிக்கிட்டாங்க இல்ல, ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. சந்தோசத்துல."

மாணிக்கம்மாள் ஊருக்குப் போனதும் வீட்டுக்குப் போகாமல் நேராகப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள். இந்த மாதிரி ஒரு பொண்ணு சும்மா இருக்குது, யாரைப் போய்க் கேட்டால் நமக்குக் கிடைக்கும், தில்லிக்கே எழுதிப் போடலாமா என்று ஈஸ்வரி டீச்சரைக் கேட்டாள். டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். யாரையும் கேட்க வேண்டியதில்லை, காலி இடத்துக்குத் தற்காலிகமாக ஓர் ஆளை மேலாண்மைக் குழுவே வைத்துக்கொள்ளலாம், அப்படி உத்தரவு வந்து ரொம்ப நாளாகிறது என்றார்.

"நீங்க சொல்லவே இல்லியே டீச்சர்."

"யாரும்மா மலையேறி வரப்போறாங்கன்னு விட்டுட்டேன்" என்றார் டீச்சர். பொய் சொல்லவில்லை. விட்டுத்தான் இருந்தார்.

குழுக் கூட்டம் போட்டார்கள். டீச்சர் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் மாணிக்கம்மாள் உடனே கையெழுத்துப் போடவில்லை. மேலேயிருந்து கீழே வரை எழுத்துக் கூட்டிப் படித்தாள். எல்லாரும் காத்திருந்தார்கள். கணக்கு என்றும் ஆசிரியர் என்றும் இரண்டு சொல்லும் அதில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு போட்டாள்.

ரேணுகாதேவி துணிப் பையும் ஸ்டவ்வுமாக வந்து இறங்கி, பள்ளிக்குப் பின்னால் இருந்த அறையில் குடியேறினாள். குளிர் தாங்காமல் முதல் மாதம் இருமிக்கொண்டே பாடம் எடுத்தாள். ஜனவரியில் எட்டாவதுப் பிள்ளைகள் பரீட்சை எழுதினார்கள். ரம்யா தேறினாள். அவளோடு இன்னொரு பையனும் தேறினான். மற்றவர்கள் தேறவில்லை. அந்தக் கோடையில் அசோக்குமார் தன் சொல்லைக் காப்பாற்றி, மகளைப் போளூர் ஹாஸ்டலில் சேர்க்கப் பெட்டி வாங்கித் தந்தான். தேறாத பிள்ளைகளில் இரண்டு பெண்கள் வீட்டாரோடு குடகுக்குப் போவதென்று முடிவாயிற்று. அதைக் கேட்ட அன்று, ஒல்லிப் பேராசிரியர் சொன்னது மாணிக்கம்மாளுக்கு நினைவு வந்தது. மகள் தேறிய சந்தோஷத்தை அவளால் ஊருக்குள் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. அந்த இரண்டு வீட்டுக்கும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தாள். அடுத்த வருஷம் அந்தப் பரீட்சைக்கு ஜூன் மாதமே பாடம் தொடங்க வேண்டும் என்று ரேணுகாதேவியிடம் சொல்லி வைத்தாள்.

ஜூன் மாதம் பள்ளி திறந்த புதிதில், புதுத் தலைவியைத் தேர்ந்தெடுக்கும் வரை பள்ளிக்கு வந்துபோய்க்கொண்டிருந்த மாணிக்கம்மாளுக்குச் சக்கரவர்த்தி போன் பண்ணினார். குரலில் மகிழ்ச்சி. மதிப்பீட்டுக் குழு வந்து போய்விட்டதாம், கல்லூரிக்கு உயர்ந்த தரம் கிடைத்ததாம், புளியங்கொட்டைப் படத்தைப் பார்த்துத்தான் கொடுத்தார்களாம். அடுத்த கட்டமாக 'ஆசிரியரற்ற பள்ளி: ஒரு வர்க்க ஆய்வு' என்று பெரிய திட்டம் ஒன்று கிடைத்திருக்கிறது, தில்லிக் குழு ஜூலையில் இரண்டு நாள் கள ஆய்வுக்கு வருகிறது என்றார்.

இப்போ கணக்கு டீச்சர் இருக்காங்களே என்றாள் மாணிக்கம்மாள்.

சக்கரவர்த்தி, அது நல்ல விஷயம்தான் என்றார். ஆனால் திட்டத்தில் டீச்சர் இல்லை என்று எழுதிக் கொடுத்தாகிவிட்டது, மாற்றினால் எல்லாம் பாழாகிவிடும் என்றார். யார் அந்த டீச்சர் என்று அவர் கேட்கவில்லை. அவர்கள் வருகிற இரண்டு நாளும் அந்த டீச்சரைப் பள்ளிப் பக்கம் வராமல் பார்த்துக்கொள்ள முடியுமா, மக்கள் நலனுக்காகத்தான் கேட்கிறேன் என்றார்.

மாணிக்கம்மாள் யோசித்தாள். உள்ளே வகுப்பில் ரேணுகாதேவி விகிதம் எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அதுக்கு ஏங்க டீச்சரை வராதன்னு சொல்லணும்? நீங்க சனி, ஞாயிறு வாங்க. அந்த ரெண்டு நாளும் இங்க வாத்தியாரும் இருக்க மாட்டாங்க, புள்ளைங்களும் இருக்க மாட்டாங்க. உங்க ஆய்வுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது."

அவர் டைரியைப் புரட்டுகிற சத்தம் கேட்டது. சனி, ஞாயிறு தங்களுக்கும் வசதிதான் என்று சொல்லி, நன்றியோடு குறித்துக்கொண்டார்.